அழத் தெரிந்த சுவர் நிற்கும்!



சிவில் பிரிவு நண்பர்களிடம் முதலில் ஒரு கேள்வி. ரிடெய்னிங் வால் கட்டும்போது சுவரில் வரிசையாக ஓட்டை விடுகிறோமே, அதற்கு என்ன பெயர்? "வீப் ஹோல்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். எதுக்கு என்று வைவாவில் கேட்டால், "பின்னாடி சேர்ற தண்ணி வெளியே போறதுக்கு சார்" என்று பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பெயரை என்றைக்காவது கவனித்தீர்களா? 'வீப்' என்றால் அழுவது. ஆக, அது அழும் துளை!

ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் மழைக்கு மறுநாள் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சாலையோரத்துச் சுவரில் கோடு கோடாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். சுவர் அழுவது போலவே இருக்கும். அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? சுவருக்குப் பின்னால் மண்ணில் தண்ணீர் தேங்கும். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 1 டன் வீதம் அழுத்தம் ஏறும். 3 மீட்டர் உயரச் சுவரின் அடிப்பகுதியை, மண் தள்ளுவது போக, தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 3 டன் அளவில் தள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் கம்பீரமாகத்தான் நிற்கும். ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அப்படியே சாய்ந்துவிடும்.

சுவர் பலவீனமானது என்பதற்காக யாரும் துளை விடுவதில்லை. அது நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் விடுகிறோம். இதே விஷயத்தை மனிதனுக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். அழுதால் மனப்பாரம் குறையும் என்கிறார்களே, அது உண்மையா? உண்மை என்றால் எப்படி? எப்போது குறையும், எப்போது குறையாது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண்ணுக்குள் ஒரு பிளம்பிங்

நம் கண் ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்ணீர் சப்ளையும் ஒரு வடிகாலும் உண்டு. புருவத்துக்குக் கீழே, கண்ணின் வெளி ஓரத்துக்கு மேலே, எலும்புக் குழியில் ஒரு சுரப்பி இருக்கிறது. பாதாம் பருப்பு வடிவம். அதுதான் கண்ணீர்ச் சுரப்பி. அங்கே ஊறும் நீரை இமைதான் கண் முழுக்கப் பரப்புகிறது. கார் கண்ணாடியில் வைப்பர் வேலை செய்கிற மாதிரிதான்.

வடிகால் எங்கே? கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை லேசாக இழுத்து, மூக்கை ஒட்டிய மூலையில் பாருங்கள். ஊசி முனை அளவுக்கு ஒரு சிறு துளை தெரியும். மேல் இமையிலும் அதுபோல் ஒன்று உண்டு. அந்தத் துளைகள் வழியாகக் கண்ணீர் ஒரு சிறு பையில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

சாதாரண நேரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1 மைக்ரோ லிட்டர்தான் சுரக்கும். வடிகாலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அழும்போது சுரப்பு பல மடங்கு ஏறுகிறது, வடிகாலால் தாங்க முடிவதில்லை. மெக்கானிக்கல் நண்பர்கள் பாஷையில் சொன்னால், வரத்து அதிகம், போக்கு கம்மி. டேங்க் நிரம்பி வழிகிறது. கன்னத்தில் ஓடுவது அந்த ஓவர்ஃப்ளோதான்.

மூன்று வகைக் கண்ணீர்

எல்லாக் கண்ணீரும் ஒன்றல்ல. கண் மருத்துவம் மூன்று வகையாகப் பிரிக்கிறது.

முதலாவது, கண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும் அடிப்படைக் கண்ணீர். இது வெறும் தண்ணீர் இல்லை. கண்ணை ஒட்டிச் சளி போன்ற ஒரு படலம், நடுவில் நீர், மேலே ஆவியாகாமல் தடுக்க மெல்லிய எண்ணெய் என்று அடுக்கடுக்காக அமைந்தது. கிருமியைக் கொல்லும் 'லைசோசைம்' என்ற பொருளும் இதில் உண்டு. அதைக் கண்டுபிடித்து 1922-ல் வெளியிட்டவர் யார் தெரியுமா? பின்னாளில் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்! ஆராய்ச்சிக்குக் கண்ணீர் போதாமல், எலுமிச்சையைக் கண்ணில் பிழிந்து கண்ணீர் சேகரித்தார்கள். பாவம், அந்தக் காலத்து மாணவர்களும் தப்பவில்லை!

இரண்டாவது, உறுத்தலால் வரும் கண்ணீர். வொர்க்‌ஷாப்பில் புகை, சால்டரிங் ஃபிளக்ஸ் வாசனை, மெஸ்ஸில் வெங்காயம் நறுக்குவது எல்லாம் இந்தக் கணக்கு. கண்ணைக் கழுவிவிடுவதுதான் இதன் வேலை.

மூன்றாவது, உணர்ச்சியால் வரும் கண்ணீர். துக்கம், கோபம், அவமானம், இயலாமை, சில சமயம் சந்தோஷம். கண்ணில் தூசியும் இல்லை, புகையும் இல்லை. ஆனாலும் கொட்டுகிறது. விலங்குகளுக்கும் கண் ஈரமாகும், குரல் கொடுத்துக் கதறும். ஆனால் உணர்ச்சி வசப்பட்டுக் கண்ணீர் வடிப்பது, இதுவரை அறிந்தவரை, மனிதன் மட்டும்தான். அதிலும் ஒரு வேடிக்கை. பிறந்த குழந்தை வீடே அதிர அழும், கண்ணில் சொட்டுத் தண்ணீர் வராது! சில வாரங்கள் கழித்துத்தான் கண்ணீர் வர ஆரம்பிக்கும். முதலில் வருவது குரல், பிறகுதான் கண்ணீர்.

"விஷம் வெளியே போகுது" – நிஜமா?

"அழுதா உடம்புல இருக்கிற கெட்ட கெமிக்கல் எல்லாம் கண்ணீரோட வெளியே போயிடும், அதான் லேசாகுது" என்று பத்திரிகைத் துணுக்குகளில் படித்திருப்போம். இதன் மூலம் எது?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வில்லியம் ஃப்ரே என்ற உயிர்வேதியியல் அறிஞர் ஓர் ஆராய்ச்சி செய்தார். சோகப்படம் காட்டி வரவழைத்த கண்ணீரையும், வெங்காயத்தால் வரவழைத்த கண்ணீரையும் ஒப்பிட்டார். சோகக் கண்ணீரில் புரதம் அதிகம் இருந்ததாக 1981-ல் வெளியிட்டார். மன இறுக்கத்தால் உடலில் சேரும் பொருள்களை அழுகை வெளியேற்றுகிறது என்பது அவர் முன்வைத்த கருத்து. 1985-ல் தனிப் புத்தகமாகவும் எழுதினார். அழுத பிறகு மனம் தேறியதாகப் பெண்களில் 85 சதவீதம் பேரும் ஆண்களில் 73 சதவீதம் பேரும் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம டெக்னிக்கல் மாணவர்கள். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? எவ்வளவு அழுதாலும் வெளியேறுவது சில மில்லி லிட்டர்தான். உடம்பில் ஓடும் ரத்தமோ சுமார் 5 லிட்டர். அந்தச் சில மில்லியில் எத்தனை 'விஷம்' போய்விடும்? இப்படிக் கழிவு வெளியேறித்தான் மனம் லேசாகிறது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அந்த வேலையைச் செய்யச் சிறுநீரகம் இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது. கண் அதற்கான மெஷின் இல்லை.

அப்போ பாரம் குறையுதே, அது எப்படி?

அழுத உடனே பாரம் குறைகிறதா என்பதையே முதலில் பார்ப்போம். 2015-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 60 பேருக்கு உருக்கமான படம் போட்டார்கள். 28 பேர் அழுதார்கள், 32 பேர் அழவில்லை. படம் முடிந்ததும் மனநிலையைக் கேட்டார்கள். அழாதவர்களின் மனநிலை மாறவில்லை. அழுதவர்கள் முன்பைவிட மோசமாக இருந்தார்கள்! சுமார் 20 நிமிடம் கழித்துக் கேட்டபோது பழைய நிலைக்கு வந்திருந்தார்கள். 90 நிமிடம் கழித்துக் கேட்டபோது, படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தார்கள்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. அழுகை மாத்திரை மாதிரி உடனே வேலை செய்யாது. அழுது முடித்த உடனே "சீ, என்ன இப்படி ஆயிட்டோம்" என்று தோன்றினால் பயப்பட வேண்டாம். அது வழக்கம்தான். ஒன்றரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? நம் நரம்பு மண்டலத்தில் தானாக இயங்கும் பகுதிக்கு இரண்டு கிளைகள். ஒன்று ஆக்ஸிலரேட்டர், மற்றொன்று பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனம் கொந்தளிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் அழுத்தப்படுகிறது. இதயம் படபடக்கும், மூச்சு வேகமாகும். காற்று அதிகம் வேண்டும் என்று குரல்வளை விரிந்து நிற்கும். அந்த நேரத்தில் எச்சில் விழுங்கினால் அது மூடியாக வேண்டும். இந்த இழுபறியைத்தான் 'தொண்டையை அடைக்குது' என்கிறோம். கண்ணீர்ச் சுரப்பிக்குக் கட்டளை போவதோ பிரேக் கிளையிலிருந்து! அழுகை ஓயும்போது மூச்சு நீண்டு, ஆழமாகி, படபடப்பு அடங்குவதை நாமே உணரலாம். தேம்பித் தேம்பி அழுத குழந்தை அப்படியே தூங்கிப் போவது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மாணவிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். சோகப்படம் பார்க்கவைத்த பிறகு, சில்லென்ற தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். அழுதவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் வலி தாங்கினார்களா? இல்லை. மன இறுக்க ஹார்மோனாகிய கார்ட்டிசால் அவர்களுக்குக் குறைந்திருந்ததா? அதுவும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அழாதவர்களின் மூச்சு வேகம் கூடியது, அழுதவர்களின் மூச்சு நிதானமாகவே இருந்தது. ஆக, அழுகை நம்மைப் பயில்வான் ஆக்காது. மூச்சைச் சீராக்கி நம்மை நம் கைக்குள் கொண்டுவர உதவும். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு' சின்ன விஷயமா என்ன?

கண்ணீர் ஒரு சிக்னல்

எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு இந்தப் பகுதி. பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்? உள்ளே ஏதோ ஃபால்ட், ஆபரேட்டர் வந்து பார்க்கணும் என்று அர்த்தம். கண்ணீரும் அப்படித்தான்.

2009-ல் ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அழும் முகங்களின் படங்களை எடுத்து, அவற்றிலிருந்து கண்ணீரை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்தார். முகத்தில் வேறெதையும் தொடவில்லை. பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் அவ்வளவு சோகமாகத் தெரியவில்லை. சில படங்களில், ஆச்சரியமா, யோசனையா, குழப்பமா என்றே புரியவில்லை! அந்த இரண்டு சொட்டு நீர்தான் 'எனக்கு முடியலை' என்பதைச் சந்தேகமில்லாமல் சொல்லியிருக்கிறது.

2023-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் இன்னொரு படி மேலே போனது. பெண்களின் உணர்ச்சிக் கண்ணீரை முகர்ந்த ஆண்கள், கோபமூட்டும் ஒரு விளையாட்டில் பழிவாங்கும் அளவு சுமார் 44 சதவீதம் குறைந்ததாம். அந்தக் கண்ணீருக்கு வாசனையே தெரியாது. ஆனாலும் எதிராளியின் ஆக்ரோஷம் தணிகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சிவப்பு விளக்கு எரிகிறது, பார்க்க ஆளே இல்லை என்றால் என்ன பயன்? பல நாட்டு மக்களிடம் அழுகை அனுபவங்களைக் கேட்டுத் தொகுத்த ஆராய்ச்சி 2008-ல் வெளியானது. அழுதபின் யாருக்கு மனம் தேறியது? பக்கத்தில் ஆறுதலாக ஒருவர் இருந்தவர்களுக்கு. அழவைத்த பிரச்சினை தீர்ந்தவர்களுக்கு. அல்லது அதைப்பற்றி ஒரு புதுத் தெளிவு கிடைத்தவர்களுக்கு. யாருக்குத் தேறவில்லை? அழுததற்கே வெட்கப்பட்டவர்களுக்கு. பாதியில் அடக்கிக்கொண்டவர்களுக்கு.

யோசித்துப் பாருங்கள். ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுகிற பையனுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது கிடைக்கிறதா?

பாட்டிமார் அறிந்த பாடம்

நம் ஊரில் இது புதுசும் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. முதலில் நகை, அடுத்த இடமே அழுகைக்குத்தான். அழுகை எதனால் வரும் என்றும் நான்கு காரணங்கள் சொல்கிறது. பிறரால் இகழப்படுவது, இழப்பது, நிலை தளர்வது, வறுமை. இந்த நான்கையும் நம் ஹாஸ்டலுக்குக் கொண்டு வாருங்களேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன் வகுப்பில் இங்கிலீஷில் பதில் சொல்லி, எல்லோரும் சிரித்தால் அது இகழ்ச்சி. ஊரில் தாத்தா தவறியது இழப்பு. முதல் வகுப்பில் வந்தவன் மூன்று அரியர் வைத்தால் அது நிலை தளர்வு. ஃபீஸ் கட்டக் கடைசி நாள், அப்பாவிடமிருந்து பணம் வரவில்லை என்றால் வறுமை. ஒன்றுகூட விட்டுப் போகவில்லை!

திருவள்ளுவரும் அன்புடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே கண்ணீரைத்தான் பேசுகிறார். அன்பை அடைத்துவைக்கத் தாழ்ப்பாள் கிடையாது, கண்ணீர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அதன் பொருள்.

இழவு வீட்டில் நம் பாட்டிமார் ஒப்பாரி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி இழுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இறந்தவரைப் பற்றி மட்டுமா பாடுகிறார்கள்? தன் வீட்டுக் குறை, பிறந்த வீட்டு ஏக்கம், வெளியில் சொல்ல முடியாத மனத்தாங்கல் எல்லாம் அதில் வந்துவிடும். யாரும் "ஏன் அழறே?" என்று கேட்கமாட்டார்கள். அழ ஓர் இடம், கூட அழ ஆள், கேட்க ஒரு கூட்டம், அழுது முடித்ததும் ஒரு சொம்பு தண்ணீர். ஆராய்ச்சி சொன்ன ஆறுதல் அங்கே அப்படியே இருக்கிறது. அந்த நேரத்தில் ஆண்கள் என்ன செய்கிறார்கள்? வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பந்தல்காரன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"ஆம்பளப் புள்ள அழலாமா?"

'சிரிக்கிற பெண்ணையும் அழுகிற ஆணையும் நம்பாதே' என்று ஒரு பழமொழி. கீழே விழுந்து முட்டியில் ரத்தம் வந்தாலும், "சிங்கக்குட்டி, அழக்கூடாது" என்று பழக்கிவிடுகிறோம். சின்னக் குழந்தைகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுதான் அழுகிறார்கள். வளரும் பருவத்தில்தான் இடைவெளி விரிகிறது. ஆண்களின் துளை சிறுகச் சிறுக அடைபடுகிறது. பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சிலருக்குக் கோபமாக வரும். சிலருக்குச் சிகரெட்டாக, குடியாக வரும். சிலருக்கு எதுவுமே வெளியே வராது. அதுதான் ரொம்ப ஆபத்து.

அழுத ஆண்களைப் பற்றி இரண்டு செய்தி சொல்கிறேன். 2022 செப்டம்பர் 23. லண்டனில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் ஆடிய கடைசி ஆட்டம். அவருடன் ஜோடி சேர்ந்து ஆடியவர் ரஃபேல் நடால், பல வருடங்களாக அவருக்கு எதிரணியில் நின்றவர். ஆட்டம் முடிந்ததும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தேம்பினார்கள். உலகமே பார்த்தது. யாராவது அவர்களைக் கோழை என்றார்களா?

இரண்டாவது, நமக்கு இன்னும் நெருக்கமானது. 2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2 விண்கலத்தின் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து சுமார் 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரி. பிறகு சிக்னல் இல்லை. அன்று காலை பெங்களூரில் பிரதமரை வழியனுப்பும்போது இஸ்ரோ தலைவர் கே. சிவன் உடைந்து அழுதார். பிரதமர் அவரை அணைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். சிவன் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். விவசாயி மகன், அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவர். நாடே டி.வி.யில் பார்க்க அவர் அழுதார்.

சரி, அழுததோடு கதை முடிந்ததா? இல்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் நமக்குப் பாடம்.

வால்வு திறந்தா அடுப்பு அணையுமா?

மெக்கானிக்கல் மாணவர்கள் பாய்லர் மவுண்டிங் படித்திருப்பீர்கள். அதில் முதல் பெயர் சேஃப்டி வால்வு. 1679-ல் டெனிஸ் பாப்பின் என்பவர் எலும்பையும் வேகவைக்க ஒரு பாத்திரம் செய்தார். இன்றைய பிரஷர் குக்கருக்கு அதுதான் பாட்டனார். அழுத்தம் மீறினால் வெடிக்கும் என்பதால் அவர் சேர்த்த ஏற்பாடுதான் சேஃப்டி வால்வு. அழுத்தம் எல்லை தாண்டினால் அது தானாகத் திறக்கும், ஆவி வெளியேறும், பாய்லர் பிழைக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சேஃப்டி வால்வு திறந்தால் கீழே எரிகிற நெருப்பு அணைந்துவிடுமா? அணையாது. வால்வு மூடியதும் அழுத்தம் மறுபடி ஏறும். வால்வு திரும்பத் திரும்பத் திறக்கிறது என்றால், ஆபரேட்டர் இறங்கிப்போய் நெருப்பைப் பார்க்க வேண்டும். அழுகையும் அப்படித்தான் நண்பர்களே. அது நமக்கு நேரம் வாங்கித் தருகிறது. அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

இஸ்ரோ என்ன செய்தது? கண்ணைத் துடைத்துக்கொண்டு டேட்டாவை எடுத்து வைத்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்தது, பிழைகள் சேர்ந்துகொண்டே போனது, லேண்டர் திரும்பும் வேகத்துக்கு வைத்திருந்த வரம்பு, இறங்குவதற்குக் குறித்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் மட்டுமே என்பது என ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அடுத்த கலத்தில் கால்களுக்குப் பலம் கூட்டினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். இறங்கும் இடத்தின் நீளத்தை 4 கிலோமீட்டராக விரித்தார்கள். எது எது பழுதாகலாம் என்று முதலில் யோசித்து, அதற்குத் தகுந்தபடி வடிவமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் யார் தெரியுமா? விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். ரயில்வே டெக்னீஷியனின் மகன். பள்ளி முடித்ததும் அவர் முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ! ஆமாம், நம்மை மாதிரி ஒரு பாலிடெக்னிக்கில்தான். பிறகுதான் பி.இ., எம்.இ., பி.எச்டி. எல்லாம்.

ஆகவே அழுது முடித்த பிறகு ஒரு பேப்பரை எடுங்கள். என்ன நடந்தது? ஏன் நடந்தது? இதில் என் கையில் இருப்பது எது? யாரிடம் கேட்கலாம்? நாலே வரி எழுதுங்கள். அரியர் என்றால் எந்த யூனிட்டில் மார்க் போனது, யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று பாருங்கள். ஃபீஸ் என்றால் ஹெச்.ஓ.டி.யிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வீட்டுப் பிரச்சினை என்றால் நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். நெருப்பைக் குறைக்கும் வேலை இதுதான்.

பக்கத்து கட்டிலில் நண்பன் அழுதால்...

இந்தப் பகுதியை மட்டுமாவது மறக்காமல் படியுங்கள்.

1. "டேய், பொம்பள மாதிரி அழாதடா" என்று சொல்லாதீர்கள். பாதியில் அடக்கினால் பலன் இல்லை என்று மேலேயே பார்த்தோம். "அழு மச்சான், நான் இங்கதான் இருக்கேன்" போதும்.

2. உடனே அறிவுரை வேண்டாம். அழுத பிறகு மனம் நிலைக்கு வரவே 20 நிமிடம் ஆகிறது. அதுவரை தண்ணீர் கொடுங்கள், பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

3. "இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு மேட்டர் இல்லை. அவனுக்கு அதுதான் இன்றைக்கு உலகம்.

4. மறுநாள் மெஸ்ஸில் அதை ஜோக் ஆக்காதீர்கள். போட்டோ, வீடியோ எடுப்பது துரோகம். ஒருமுறை கேலி செய்தால் அந்தத் துளை நிரந்தரமாக அடைபட்டுவிடும்.

5. "நான் இல்லாம போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி பேச்சு வந்தால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் திறக்க வழி கிடைக்கும். அவனைத் தனியே விடாமல், வார்டனிடமோ ஆசிரியரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். ரகசியத்தைக் காப்பதைவிட நண்பனைக் காப்பது பெரிது.

அழுகை மட்டும் போதாத நேரமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் காரணமே தெரியாமல் அழுகை வருகிறது, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த விஷயம்கூடப் பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிலருக்கு அழுகையே வராமல் உள்ளே எல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கும். அதுவும் அந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது மாதிரி இதற்கும் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இரண்டுக்கும் காசு கிடையாது, இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம், பக்கத்து பெஞ்சுக்குத் தேவைப்படலாம்.

நிறைவாக...

போர்டு எக்ஸாம் ரிசல்ட் வரும் ஒவ்வொரு முறையும் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு விளக்கு அணைகிற செய்தி பேப்பரில் வருகிறது. "நல்லாத்தான் இருந்தான், சிரிச்சுப் பேசிட்டுத்தான் போனான்" என்று கூடப் படித்தவர்கள் சொல்வதையும் படிக்கிறோம். வெளியே பூச்சு வெடிக்காமல் நின்ற சுவர் அது. பின்னால் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

சிவில் நண்பர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வெறும் துளை மட்டும் போட்டால் போதாது. அதன் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மண் வந்து துளையை அடைத்துவிடும், அல்லது தண்ணீரோடு மண்ணும் அரித்துப் போய்விடும். மனிதனுக்கு அந்த ஜல்லி யார் தெரியுமா? கூட இருக்கிற நாம்தான். நண்பன் அழும்போது அவன் துளை அடைபடாமலும், அவனே கரைந்து போகாமலும் பிடித்துக்கொள்ளக்கூடியவர்கள் நாம்தான்.

இந்த மூன்று வருடத்தில் கால்குலேட்டரைக் கடன் கொடுத்தோம், டிராயிங் ஷீட்டைக் கடன் கொடுத்தோம், ரெக்கார்டு நோட்டைக் கடன் கொடுத்தோம். ஒரு தோளையும் கடன் கொடுப்போமே! திருப்பித் தரவேண்டிய கடன் இல்லை அது. என்றைக்காவது நமக்கும் ஒரு தோள் வேண்டியிருக்கும்.

அழ வேண்டிய நேரத்தில் அழுவோம். அழுத பிறகு எழுவோம். நிற்போம், நண்பர்களே!